படை மரபும் லைன் வாழ்வும்: கோலார் தங்கவயலில் கூட்டுணர்வு உருவான வரலாறு

முன்னுரை

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கோலார் தங்கவயலின் தொழில் அன்றோடு முடிந்தது. உழைக்கும் வயதிலிருந்தவர்கள் பெங்களூருக்கு விடியற்காலை ரயிலேறி இரவில் திரும்பத் தொடங்கினர். பகலில் ஊரில் மிஞ்சியவர்களில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களது குடும்பத்தாருமே மிகுதி. தாது தீர்ந்ததும் ஆளற்றுப்போன சுரங்க ஊர்கள் உலகில் பல உண்டு. தங்கவயல் அப்படிக் கலையவில்லை. அது கலையாமல் நின்றதற்கு வெள்ளையர் காலத்துப் படை ஒழுங்கையும் கம்பெனி நிர்வாகத்தையும் காரணமாகச் சொல்வோர் உண்டு. ஊரின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் அந்த ஒழுங்கு ஊரின் அமைப்பைத் தந்ததே தவிர, கூட்டுணர்வைத் தரவில்லை என்பது தெளிவாகும். கூட்டுணர்வைத் தொழிலாளர் தாமே, பெரும்பாலும் அந்த ஒழுங்கை எதிர்த்து, உண்டாக்கிக்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

படைவீரர் இட்ட தொடக்கம்

தங்கவயலின் தொடக்க வரலாற்றில் படைக்காரர்களின் பெயர்களே வரிசையாக வருகின்றன. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் உரிகம், மாரிக்குப்பம் பகுதி மண்ணில் தங்கம் இருப்பதை ஊர்மக்கள் துணையுடன் சோதித்து எழுதிவைத்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பைப் படித்தவர் மைக்கேல் லவேல். அயர்லாந்துக்காரரான இவர் நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்று, பெங்களூர் தண்டில் (கன்டோன்மென்ட்) குடியேறியிருந்தார். 1871இல் மாட்டுவண்டியில் கோலார்ப் பக்கம் வந்து பார்த்தவர், 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். 1875இல் அது கிடைத்தது. தொடர்ந்து தோண்டப் பணம் போதாமல் 1877இல் உரிமையை மேஜர் ஜெனரல் பெரஸ்ஃபோர்டும் அவருடைய கூட்டாளிகளும் கொண்ட குழுவுக்கு விட்டுக்கொடுத்தார்.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தைக் கையிலெடுத்த பிறகுதான் சுரங்கம் லாபம் கண்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்கான், நந்திதுர்க் எனச் சுரங்கங்கள் பெருகின. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி வழியாக வந்து சேர்ந்தது.

நிர்வாகம் கம்பெனியிடம் போன பிறகும் படைச்சாயல் மறையவில்லை. ஐரோப்பியரையும் ஆங்கிலோ-இந்தியரையும் கொண்ட தங்கவயல் தன்னார்வப் படை, 1920க்குப் பின் இந்தியத் துணைப்படையின் ஒரு பட்டாளமாக 1947 வரை இயங்கியது. துணைப்படையில் இந்தியருக்கு இடமில்லை. அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, கிளப், கோல்ஃப் திடல் ஆகியவற்றைச் சுற்றி அமைந்த அந்தத் தோழமை, அவர்கள் வாழ்ந்த மேட்டுப் பங்களாக்களோடு நின்றுவிட்டது.

லைன்களில் குடியேறியவர்கள்

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் தமிழர், அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. பண்ணையடிமைத்தனத்திலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பிவந்த அவர்களுக்குக் கம்பெனி கொடுத்த இருப்பிடம் படைத்தண்டின் ஒழுங்கில் அமைந்த லைன்களே, அதாவது வரிசை வீடுகளே. முதலில் மூங்கில் தட்டி வீடுகள். நெடுங்காலம் கழித்தே செங்கல் சுவர் எழும்பியது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. வரிசைக்குப் பொதுவாகக் குழாயும் கழிப்பிடமும். ஷிஃப்ட் சங்கு ஊதியதும் ஆண்கள் கூண்டேறி இறங்கினார்கள். மேலேறி வருபவர்கள் தங்கம் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று காவலர்கள் சோதித்தார்கள். தங்கத் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டமே இருந்தது.

இந்த நெருக்கடியில்தான் அக்கம்பக்கம் என்ற உறவு இறுகியது. பாறை வெடித்துச் சரிந்த செய்தி வந்தால் ஒரு லைன் முழுவதும் ஷாஃப்ட் வாயிலில் போய் நிற்கும். யாருடைய வீட்டு ஆள் மேலே வருவார், யார் வரமாட்டார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கல்தூசு நுரையீரலை அரித்த நோயும் அப்படியே பொதுத்துயரமாயிற்று. 1940களில் பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது.

சங்கம், பத்திரிகை, போராட்டம்

லைன்வாசிகள் தமக்கென அமைத்துக்கொண்ட நிறுவனங்களில் முன்னோடியாக நிற்பது பௌத்த சங்கம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் வேரூன்றியது. அவர் சென்னையில் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் வாசகர்களும் புரவலர்களும் இருந்தனர். அவர் மறைந்தபின் நின்றுபோன அந்த இதழை 1926இல் கோ. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். சித்தார்த்தா புத்தகசாலை பௌத்த, பகுத்தறிவு நூல்களை அச்சிட்டது. படிப்பு மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் சுரங்க வேலைக்கு நடுவே பத்திரிகையும் அச்சுக்கூடமும் நடத்தினார்கள் என்பது தமிழ் அச்சு வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி.

தாமே அமைப்பாகக் கூடும் இந்தப் பழக்கம் தொழிற்சங்க மேடைக்கும் வந்தது. தொழிலாளர்களைப் பதிவுசெய்து கைரேகை எடுக்கக் கம்பெனிகள் முனைந்தபோது, 1930இல் வயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நாங்கள் குற்றவாளிகளா என்ற கேள்வியே அப்போராட்டத்தின் மையம்; கூலி உயர்வு அடுத்த இடத்தில்தான் இருந்தது. 1940களில் கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் முதலிய கம்யூனிஸ்ட் தலைவர்கள் சங்கத்தை வலுப்படுத்தினர். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 1954இல் அம்பேத்கர் வந்து சென்றதும் ஊரின் கூட்டு நினைவில் நிலைத்தது. பின்னாளில் தங்கவயல் தொகுதி கம்யூனிஸ்ட்களையும் இந்தியக் குடியரசுக் கட்சியினரையும் அ.தி.மு.க.வினரையும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதன் வேர் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

கம்பெனி போனபின்

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. துணைப்படை கலைந்து, ஆங்கிலோ-இந்தியர் பலர் வெளிநாடுகளுக்குப் போய்விட்டிருந்த ஊரில் படைத் தொடர்பு வேறு வடிவில் திரும்பியது: 1964இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உருவான பெமல் நிறுவனம் இங்கே தொழிற்சாலை அமைத்து, சுரங்கக் குடும்பப் பிள்ளைகள் பலருக்கு வேலை தந்தது. ஆனால் சுரங்கத்தில் தாது மெலிந்து, ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டி, செலவு வருமானத்தை விழுங்கியது. சுமார் 800 டன் தங்கம் கொடுத்த வயல் மூடப்பட்டது.

சுரங்கம் மூடியபின் லைன்களைத் தாங்கியவை பழைய பிணைப்புகளே. ஓய்வுபெற்றவர்கள் நிலுவைப் பணத்துக்காகவும் குடியிருந்த வீட்டின் உரிமைக்காகவும் சங்கமாகக் கூடி மனுக்கொடுத்தார்கள், வழக்காடினார்கள். மாரியம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், அம்பேத்கர் பிறந்தநாள் ஆகியவை வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துவருகின்றன. சாவு வீட்டில் லைனே முன்னின்று காரியம் பார்ப்பது இன்னும் மாறவில்லை.

முடிவுரை

தங்கவயலின் மரபு என்று பேசும்போது பங்களாக்கள், கிளப், ஷாஃப்ட் கோபுரங்கள் ஆகியவையே முதலில் பட்டியலாகின்றன. ஊரைத் தாங்கிய லைன்களும் பௌத்த சங்க இடங்களும் 1946 தியாகிகள் நினைவிடமும் அப்பட்டியலின் கடைசியில் வருகின்றன, அல்லது வருவதே இல்லை. பதின்மூன்று சயனைடு மேடுகளில் கிடக்கும் 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண்ணில் எஞ்சிய தங்கத்தை எடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மண்ணின் மதிப்பைக் கணக்கிடும் அரசு, மனிதர்களின் நினைவையும் கணக்கில் எடுக்க வேண்டும். தரைக்கடியில் உழைத்த கடைசித் தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்களுடைய வாய்மொழியைப் பதிவுசெய்வதும், சங்க ஆவணங்களையும் பழைய இதழ்களையும் திரட்டிக் காப்பதும், ஒரு லைனையாவது உள்ளபடியே பாதுகாப்பதும் கர்நாடகத் தொல்லியல் துறையும் தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் தள்ளிப்போடக்கூடாத வேலைகள்.