தடையும் அனுமதியும்: ஒரு சிறுசொல்லின் வரலாறு



நம் தெருக்களில் தொங்கும் 'டு லெட்' பலகையை அறியாதவர் இல்லை. வீடு வாடகைக்கு விடப்படும் என்பது அதன் பொருள். 'லெட்' என்றால் 'விடு', 'அனுமதி' என்றே பள்ளியில் கற்றோம். ஆனால் 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமத்தை அந்த ஒரே பொருளோடு வாசிப்பவர் சில இடங்களில் வழிதவறிப் போவார்.

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைக் கவனியுங்கள். முதல் வசனத்தில், இஸ்ரவேலரைப் போகவிடும்படி மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் கர்த்தரின் கட்டளையைச் சொல்லுகிறார்கள். அங்கே 'லெட்' விடுதலையின் சொல். நான்காம் வசனத்தில், அவ்விருவரும் ஜனங்களை வேலைசெய்யவிடாமல் தடுப்பதாகப் பார்வோன் குற்றஞ்சாட்டுகிறான். அங்கும் அதே 'லெட்', பொருளோ 'தடு'.

இது எப்படி நேர்ந்தது? பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. 'லேட்டன்' என்பது விடுவதையும் அனுமதிப்பதையும் குறித்தது. 'லெட்டன்' என்பது தடுப்பதையும் தாமதப்படுத்துவதையும் குறித்தது. நாம் அன்றாடம் சொல்லும் 'லேட்' இதற்கு உறவான சொல். காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்து, உயிரொலி மாறி, இரண்டும் 'லெட்' என்ற ஒரே வடிவத்தை அடைந்தன. இன்னும் பின்னோக்கிச் சென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்றும், 'தளர்த்துதல்' என்பதே அதன் கருத்து என்றும் மொழியறிஞர் கூறுவர். பிடி தளர்ந்தால் விடுதலை. நடை தளர்ந்தால் தாமதம்.

சேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் ஆவியைப் பின்தொடரவிடாமல் தடுக்கும் நண்பர்களை மிரட்டும்போது, தடுத்தல் என்ற பொருளிலேயே இச்சொல்லை வழங்குகிறான். பின்னர் அப்பொருள் வழக்கொழிந்தது. 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு, ரோமர் 1:13இலும் 2 தெசலோனிக்கேயர் 2:7இலும் அதை நீக்கி, தெளிவான வேறு சொற்களை இட்டது. ஆயினும் அது முற்றிலும் மறையவில்லை. தடையின்றிச் செல்ல இவரை அனுமதியுங்கள் என்று வேண்டும் நம் இந்தியக் கடவுச்சீட்டின் ஆங்கில வாசகத்தில் அது இன்னும் தடையைக் குறிக்கிறது. டென்னிஸில், அடித்த முதற்பந்து வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் அந்த ஆட்டம் கணக்கில் சேராது. அதற்கும் பெயர் 'லெட்'.

இறையியல் கல்லூரியில் மாணவனாயிருந்தபோது, ரோமர் 1:13ஐப் பழைய ஆங்கிலத்தில் வாசித்து, பவுல் ரோமாபுரிக்கு வர அனுமதி பெற்றார் என்று நான் விளக்கம் சொன்னேன். ஆசிரியர் பேசாமல் கிரேக்க மூலத்தைத் திறந்து காட்டினார். அங்கிருந்த வினைச்சொல்லுக்குத் தடுத்தல் என்றே பொருள். நம் தமிழ் வேதாகமமும் தடை என்றே தெளிவாகச் சொல்லுகிறது. வெட்கத்தோடு அமர்ந்தேன். அன்று கற்ற பாடம் இன்றும் உதவுகிறது: பழகிய சொல்லையே அதிகமாய் விசாரிக்க வேண்டும்.

சொல்லின் வேரின்மேல் உபதேசத்தைக் கட்ட நான் துணியமாட்டேன். ஆனால் பவுலின் வாழ்க்கை ஒன்றைச் சொல்லுகிறது. அவர் ரோமாபுரிக்குப் போகப் பலமுறை விரும்பியும் தடைபட்டார். நேரில் போயிருந்தால் வாயினால் பேசியிருப்பார். போகக் கூடாமையால் எழுதினார். ஏறக்குறைய கி.பி. 57இல் கொரிந்துவிலிருந்து எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்த நிருபம் இன்று நம் கைகளில் இருக்கிறது. அவரோ பின்பு ரோமாபுரியை அடைந்தார், ஆனால் கட்டப்பட்டவராய்.

அந்தத் தடை இனிமையானது என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. வழி திறக்கும்படி ஜெபித்துக்கொண்டே, அன்று செய்யக்கூடியதைச் செய்தார். வேலைக்கும், பிள்ளைகளின் திருமணத்துக்கும், சுகத்துக்கும் காத்திருந்து தளர்ந்துபோன சகோதர சகோதரிகளே, உங்கள் தடையின் காரணத்தை நான் அறியேன். ஆனால் மூடிய கதவின் முன்னும் எழுதத்தக்க ஒரு நிருபம் உங்களிடம் இருக்கலாம். இந்த வாரம் அதைத் தொடங்குங்கள்.

கர்த்தர் தாமே உங்களைத் திடப்படுத்துவாராக. ஆமென்.