பாறைக்கடியில் ஒரு கருவி

கானாடுகாத்தானின் பெருவீடுகளைக் காண வருவோர் கட்டுவித்தவர் பெயரைக் கேட்டறிவர். பர்மாத் தேக்கில் உளி பதித்த தச்சரின் பெயரைக் கேட்பவர் அரியர். அறிவியல் வரலாற்றிலும் இந்நிலை உண்டு என்பதற்குக் கோலார் தங்கவயல் ஆய்வு தக்க சான்றாகும்.

அண்டக்கதிர்கள் வளிமண்டலத்திலுள்ள அணுக்கருக்களோடு மோதும்போது மியூவான், நியூட்ரினோ முதலிய துகள்கள் பிறக்கின்றன. நியூட்ரினோ புவியையே ஊடுருவிச் செல்லவல்லது. மிக அரிதாகவே பாறையின் அணுக்கருவோடு மோதி ஒரு மியூவானைத் தோற்றுவிக்கும். அம்மியூவானே அதன் வருகைக்கு அடையாளம். தரைமட்டத்தில் மேலிருந்து பொழியும் எண்ணற்ற மியூவான்களுக்கிடையே அதனைப் பிரித்தறிதல் இயலாது. எனவே பாறையே வடிகட்டியாயிற்று.

மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன், 1950களின் தொடக்கத்திலேயே தங்கவயலின் ஆழங்களில் மியூவான்களை அளக்கத் தொடங்கினார். பின்னர் எம். ஜி. கே. மேனன் முதலியோரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் உணர்கருவியை நிறுவினர்.

அதன் அமைப்பு எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் இரு சுவர்களென எதிரெதிரே நின்றன. இடையே நியான் நிரப்பிய கண்ணாடிக் குழல்கள் அடுக்கப்பட்டன. ஒரு துகள் இரு சுவர்களையும் கடந்தவுடன் குழல்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் சென்ற வழியிலுள்ள குழல்கள் மட்டும் ஒளிரும். நிழற்படக் கருவி அத்தடத்தைப் பதிவு செய்யும். அவ்வாழத்திற்குத் தப்பிவரும் மியூவான் பெரும்பாலும் மேலிருந்தே வரும். பக்கவாட்டில் வருவது நியூட்ரினோ ஈன்றதே. 1965இல் அத்தகைய தடங்கள் கிடைத்தன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஃபிரடெரிக் ரைன்ஸ் குழுவினரும் இவ்வெற்றியை எய்தினர்.

ஆய்வறிக்கை இயற்பியலாளர் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. அவ்வாழம் வரை பாறையைக் குடைந்து வழி சமைத்தோர் சுரங்கத் தொழிலாளர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த ஒடுக்கப்பட்ட மக்கள். பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் தூசிக்கும் தம்மைப் பலியிட்டவர்கள். அவர்தம் உழைப்பின்றி அக்கருவிக்கு இடமேது?

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அம்மக்களின் வழித்தோன்றல்கள் நெஞ்சில் எஞ்சும் நினைவுகளையும் பாடல்களையும் தொகுத்து எழுத்தில் நிறுத்துதல், ஆய்வகம் செய்யவியலாத பணி. தமிழ் அமைப்புகள் மேற்கொள்ள வேண்டிய கடன். காலந்தாழ்த்தின் கேட்டெழுத எவரும் இரார்.