ஃபிளாஷ் பிளேயர்: தூக்கலாமா, வச்சுக்கலாமா?

உங்க பழைய லேப்டாப்ல ஃபிளாஷ் பிளேயர் இன்னும் இருக்கா? பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பேர்போன மென்பொருள் அது. நிறுத்தப்போறோம்னு அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் அப்டேட் நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்ட மறுத்தது.

மூன்று வருஷத்துக்கு மேல் அவகாசம். ஆனாலும் தென்னாப்பிரிக்க வரித்துறையின் சில படிவங்கள் ஃபிளாஷிலேயே இருந்தன. அந்த ஜனவரியில், ஃபிளாஷ் ஓடுறதுக்குன்னே தனி பிரவுசர் வெளியிட்டார்கள்! வரி கட்டுறவங்க கம்ப்யூட்டருக்கு ஃபிளாஷ் திரும்பி வந்தது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு வழி பிடித்தது. 2020 நவம்பரில், ரஃபிள் என்ற எமுலேட்டர் மூலம் பழைய கேம்களையும் அனிமேஷன்களையும் பிளேயர் இல்லாமலே ஓட வைத்தது.

என்னைக் கேட்டா, நாம இழக்கக் கூடாதது அந்த கேம்களைத்தான். பிளேயரை இன்னைக்கே அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க.