சம்பா கோயில் கடந்து வந்த பாதை

ஏம்பலம், வில்லியனூர் பக்கத்திலிருந்து ஜவுளி எடுக்கப் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மிஷன் வீதியில் அந்தக் கோயிலைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஜென்மராக்கினி மாதா பேராலயம் என்பது ஏட்டில் உள்ள பெயர். சனங்கள் வாயில் அது சம்பா கோயில்.

இப்போது நிற்பது அதன் முதல் உருவம் அல்ல. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் பண உதவியோடு 1692-இல் சேசு சபையார் ஒரு கோயில் கட்டினார்கள். அடுத்த வருடமே ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதை இடித்துவிட்டார்கள். அவசரமாக எழுந்த இரண்டாவதும் நிலைக்கவில்லை. 1728-இல் தொடங்கி 1736-இல் முடிந்த மூன்றாவதுதான் பெரிய கோயில்.

அதன் கதைக்கு, பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சாட்சி. கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்கார வைக்க ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் போய் முறையிட்டதும் 1745-இல் அது இடிக்கப்பட்டதையும் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். தூண்களையும் வளைவுகளையும் பற்றிப் பேசுகிற நாம் இந்தச் சுவரை விட்டுவிடக் கூடாது. அந்தக் கோயிலின் கட்டடக் கலையில் அதுவும் சேர்த்திதான்.

மூன்று வருடம் கழித்து, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். பக்கத்திலேயே இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் இடிக்கச் செய்தார். பாதிரிமார்கள் வெகுநாளாகக் கேட்டுவந்தது அது. கருங்கல்லும் சுதையும் சரிந்ததைப் பிள்ளை மனம் நொந்து பதிந்திருக்கிறார்.

பதின்மூன்றாம் வருடம் சம்பா கோயிலின் முறை வந்தது. கடலூரில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-இல் தகர்த்திருந்தார். அதற்குப் பழி தீர்க்க, 1761-இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். கோயிலும் தப்பவில்லை. அதை எழுதப் பிள்ளை இல்லை. ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடியிருந்தார்.

1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. பழைய இடிபாட்டின் மேலேயே 1770-இல் வேலை தொடங்கியது. நடுவில், 1773-இல், ரோமாபுரியில் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். பாரிஸ் வேதபோதக சபையார் மிச்சத்தை ஏற்றுக்கொண்டார்கள். 1791 ஜூன் 27-இல் மேற்றிராணியார் ஷாம்ப்னுவா கோயிலை மந்திரித்தார்.

முகப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். கீழ்த் தளத்தில் ஜோடி ஜோடியாக தோரிக் தூண்கள், அலங்காரம் இல்லாத தலைப்போடு. அவற்றுக்கு மேல் அயோனிக் தூண்கள், தலையில் சுருள் வைத்து. கனமானது கீழே, மெலிந்தது மேலே என்பது ரோமானியர் வகுத்த ஒழுங்கு. ஆனால் இங்கே பளிங்கு கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் நம்மூர்க் கொத்தனார் கையும்தான். உள்ளே நடுக்கூரையின் குவிமாடத்திலிருந்து வெளிச்சம் பீடத்தின் பக்கம் இறங்குகிறது.

இடிந்த இரண்டு கோயில்களில் மாதா கோயிலுக்குப் பழைய மனையே கிடைத்தது. வேதபுரீஸ்வரருக்குக் கிடைக்கவில்லை, அவர் கோயில் பிற்பாடு வேறு இடத்தில் எழுந்து, இன்று காந்தி வீதியில் இருக்கிறது. சம்பா கோயிலைப் பார்க்க வருகிறவர்களை நான் அங்கேயும் அழைத்துப் போவேன். நடந்தே போகிற தூரம்தான்.