ஆங்கில நாட்டுக் கோயிற் பதிவேடுகளும் ஆபிரகாம் லிங்கன் குடிவழியும்

தம் குடியின் முன்னோர் இன்னார், இன்ன ஊரினர், இன்ன தொழிலினர் என அறிந்துகொள்ளும் வேட்கை எந்நாட்டு மக்கட்கும் இயல்பாயுள்ளது. அரசர்க்கு மெய்க்கீர்த்திகளும் செப்பேடுகளும் உள. செல்வர்க்குப் பட்டயங்களும் நிலப்பத்திரங்களும் உள. உழுதுண்போனும் நெய்துண்போனும் கூலியாளும் மறைந்தால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவர் பெயரும் மறைந்துபோதலே பெரும்பாலும் காணும் வழக்கம். அவ்வாறிருக்க, இங்கிலாந்து தேசத்தில் ஓர் எளிய கூலிக்காரன் வழிவந்தோன் தன் பாட்டனுக்குப் பாட்டன் இன்னானென்றும், அவன் இன்ன நாளில் விவாகம் செய்து இன்ன நாளில் அடக்கம் செய்யப்பெற்றானென்றும் பலகால் எடுத்துக்காட்டுகின்றான். இஃது எங்ஙனம் இயன்றதென நம் இதழ் படிக்கும் அன்பர் சிலர் வினவினர். அதற்கு விடையாக இக்கட்டுரை எழுதலாயிற்று.

அந்நாடு பதினாயிரத்திற்கு மேற்பட்ட கோயிற்பற்றுக்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. கோயிற்பற்றென்பது ஓர் ஆலயமும், அதன் குருவும், அவ்வாலயத்திற்கு உட்பட்ட குடிகளும் அடங்கிய எல்லை. நம் நாட்டுக் கிறிஸ்தவர் இதனைப் பங்கு என்றும் சேகரம் என்றும் வழங்குவர். எட்டாம் ஹென்றி மன்னன் ரோமாபுரிப் போப்பாண்டவரோடு பிணங்கி, ஆங்கிலத் திருச்சபைக்குத் தானே தலைவனானபின், அவன் அமைச்சன் தாமஸ் கிராம்வெல் என்பான் 1538-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு கட்டளை பிறப்பித்தான். ஒவ்வொரு கோயிற் குருவும் ஒரு புத்தகம் வைத்து, சென்ற வாரத்தில் நிகழ்ந்த விவாகம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஞாயிறுதோறும் கோயில் விசாரணைக்காரர் முன்னிலையில் எழுதுதல் வேண்டும். அப்புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைத்து, ஒரு திறவுகோலைக் குருவும் மற்றொன்றை விசாரணைக்காரரும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். எழுதத் தவறினால் மூன்று ஷில்லிங்கு நான்கு பென்ஸ் தண்டம் என்பது அக்கட்டளை.

குடிகள் இதனை உவந்து ஏற்றிலர். பிறப்புக்கும் இறப்புக்கும் வரி விதிக்கவே அரசன் கணக்கெடுக்கின்றான் என முணுமுணுத்தனர். ஹென்றி அவ்வரியை விதித்தானல்லன். ஆயினும் குடிகளின் ஐயம் முற்றும் பொய்யாயிற்றென்று சொல்லுதற்குமில்லை. பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர்ச் செலவிற்காக 1695-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் பிறப்புக்கு இரண்டு ஷில்லிங்கும், விவாகத்திற்கு இரண்டரை ஷில்லிங்கும், அடக்கத்திற்கு நான்கு ஷில்லிங்கும் வரி வாங்கப்பட்டன. மீண்டும் 1783-இல் பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் வரி வந்து, 1794-இல் நீங்கியது. இவ்வரி வறியோர்க்கு இல்லை. அதனால் அக்காலத்து ஏடுகளிற் பல பெயர்களின் பக்கத்தே வறியோன் என்னுங் குறி காணப்படும். வறுமையும் இங்ஙனம் ஒரு சான்றாயிற்று.

முதற்கண் எழுதப்பட்டவை பெரும்பாலும் காகித ஏடுகள், பல அழிந்தன. எலிசபெத்து அரசியின் ஆட்சியில், 1598-ஆம் ஆண்டு, இனிப் பதனிட்ட தோலேடுகளிலேயே எழுதுக. பழைய காகித ஏடுகளையும், சிறப்பாக அரசி பட்டமெய்திய 1558 முதலுள்ளவற்றை, தோலேட்டிற் பெயர்த்தெழுதுக என்று விதிக்கப்பட்டது. சோம்பல் மிக்க குருமார் சிலர் சிறப்பாக என்னுஞ் சொல்லையே பற்றுக்கோடாகக்கொண்டு அதற்கு முற்பட்ட இருபது ஆண்டுகளை எழுதாது விட்டனர். ஏடுபெயர்த்தெழுதுவோர் சோம்பலால் நம் பழந்தமிழ் நூல்கள் எய்திய இழப்பை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆண்டுதோறும் ஒரு படி எழுதி அத்தியட்சருக்கு அனுப்பவேண்டும் என்ற விதியும் அப்பொழுதே தோன்றியது. மூலம் எலியுண்டும் நனைந்தும் போன ஊர்களில் இப்படிகளே இன்று உதவுகின்றன.

இவ்வழக்கம் ஆங்கிலேயரோடு நம் சென்னைக்கும் வந்தது. கோட்டையினுள்ள தூய மரியாள் கோயில் 1680-இல் திறக்கப்பெற்றது. அதன் பதிவேட்டில் ராபர்ட் கிளைவின் 1753-ஆம் ஆண்டு விவாகமும் இடம்பெற்றுள்ளது. இந்நாட்டுக் கோயில்களிலிருந்து படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு வந்தமையால், இங்கு வந்து மாண்ட ஆங்கிலேயனின் வழியினர் அங்கிருந்தே அவன் கல்லறை நாளை அறிகின்றனர்.

ஆராய்வோரை இடர்ப்படுத்தும் இடைவெளி ஒன்று 1642 முதல் 1660 வரை உளது. அரசனும் பாராளுமன்றமும் போரிட்ட அக்காலத்தில் குருமார் பலர் துரத்தப்பட்டனர், ஏடுகள் மறைக்கப்பட்டன, எழுதுவாரின்றிப் பல பக்கங்கள் வெறுமையாயின. பின்னர், கம்பளித் தொழிலைக் காக்கும்பொருட்டு, இறந்தோரைக் கம்பளித் துணியிலன்றிப் பிறிதொரு துணியிற் சுற்றி அடக்குதல் கூடாதென்றும், மீறினால் ஐந்து பவுன் தண்டமென்றும் 1666-இல் ஒரு சட்டமும், 1678-இல் அதனினும் கடுமையான சட்டமும் வந்தன. கம்பளியிற் சுற்றியதாகச் செய்த பிரமாணமும் அடக்கப் பதிவேட்டிற் குறிக்கப்பட்டு வந்தது. தறி நம்பி வாழ்ந்த குலத்தினராகிய நம்மவர், ஒரு நாட்டு அரசு தன் நெசவாளரைக் காக்கப் பிணத்தளவும் சென்ற இச்செய்தியை நினைவில் வைத்தல் தகும்.

இப்பதிவுகள் மிகச் சுருங்கியவை. இன்னான் குமாரன் இன்னான், இன்ன நாள் ஞானஸ்நானம் பெற்றான் என்றளவே பெரும்பாலும் இருக்கும். தாயின் பெயரையும் எழுதாத குருமார் பலர். பிறந்த நாளைக் குறித்தோர் சிலரே. 1754 முதல் விவாகத்திற்குத் தனி ஏடு வகுக்கப்பட்டு, மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிடல் வேண்டுமென விதி வந்தது. எழுத்தறியாதோர் சிலுவைக் குறி இட்டனர். தன் பாட்டியின் பாட்டி நடுங்கிய கையால் இட்ட குறியைக் காண்பதினும் பெரிய பேறு ஆராய்வோனுக்கு வேறில்லை என்பது எம் கருத்து. 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்தமையால், ஞானஸ்நானப் பதிவிலே தந்தையின் தொழிலும் உறைவிடமும், அடக்கப் பதிவிலே இறந்தோர் வயதும் தெரியவருகின்றன. 1837 ஜூலை முதல் அரசாங்கமே பிறப்பு இறப்புப் பதிவை மேற்கொண்டது.

இவற்றைக்கொண்டு குடிவழி காணும் முறை யாதெனின், தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்னோக்கி ஒவ்வோர் அடியாகச் செல்லுதலே. பாட்டன் பிறந்த ஊரை 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிற் கண்டு, அவ்வூர்க் கோயிலேட்டில் அவன் ஞானஸ்நானத்தைத் தேடி, அதிற் கண்ட தந்தை பெயரைக்கொண்டு அத்தந்தையின் விவாகத்தைத் தேடுதல் வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் இருவர் இருப்பின், அவருள் ஒருவன் குழந்தைப் பருவத்தே மாண்டானா என்று அடக்கப் பதிவை நோக்கியபின்னரே மேற்செல்லுதல் முறை. ஆண்டுக் கணக்கிலும் விழிப்பு வேண்டும். 1752 வரை அந்நாட்டிற் புத்தாண்டு மார்ச்சு 25-ஆம் நாளே தொடங்கிற்று. ஆகவே 1639 பிப்ரவரி என ஏட்டில் இருப்பது நம் கணக்கில் 1640 பிப்ரவரியாம். இதனை அறியாதோர், ஜூலையிற் பிறந்த மகன் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே இறந்தான் எனக் கண்டு திகைப்பர்.

இவ்வளவு பொறுமை எல்லார்க்கும் அமைவதில்லை. 1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியமோடு வந்து ஆங்கில நாட்டை வென்ற வீரரின் வழியினர் தாம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே பல. சான்று கேட்டால் காட்டவல்லார் மிகச் சிலர். நம்மவரை மட்டும் விட்டுவிடுதல் நடுவுநிலையன்று. குல வரலாறு எழுதப் புகுவோர் சிலர் கொள்ளுப்பாட்டனார் பெயரளவில் நின்று, அதன்மேல் ஒரே தாவலாக மூவேந்தரிடத்தோ முனிவரிடத்தோ சென்று சேர்கின்றனர். இடையிலுள்ள தலைமுறைகள் எங்கே என வினவின் சினங்கொள்கின்றனர். இவ்விடத்து ஆபிரகாம் லிங்கன் குடிவழி ஆராய்ந்து காணப்பெற்ற வரலாற்றை விரித்துரைத்தல் பொருத்தமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தலைவராயிருந்து 1863-இல் அடிமை விடுதலை சாற்றி, 1865-இற் கொலையுண்ட அப்பெரியார், தம் பாட்டனாருக்கு மேல் ஒன்றும் தெளிவாக அறிந்திலர். பாட்டனார் வர்ஜீனியாவிலிருந்து கெண்டக்கிக்கு வந்தவர்; அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா புகுந்தவர்; இவ்வளவே குடும்பத்திற் கேட்ட செய்தி. மாசச்சூசெட்ஸ் நாட்டு ஹிங்கம் என்னும் ஊரிலும் லிங்கன் என்னும் பெயர் பூண்ட குடிகள் பல இருந்தன. லிங்கன் 1848-இல் அவ்வூர் வரலாறு எழுதிய சாலமன் லிங்கன் என்பாருக்குக் கடிதம் எழுதித் தம் குடிச் செய்தியைத் தெரிவித்தார். மொர்தெக்காய், லேவி, ஏனோக்கு, ஆபிரகாம் முதலிய பெயர்கள் இரு குடும்பத்திலும் மாறிமாறி வந்தன. பிறரானால் அவ்வளவு கொண்டே உறவு கொண்டாடியிருப்பர். லிங்கனோ, 1859-இல் தம் வரலாற்றைச் சுருங்க எழுதியபோது, பெயரொற்றுமைக்கு மேல் உறுதியாக ஒன்றும் கிடைத்திலது என்று எழுதி நிறுத்தினார். தேர்தலை நோக்கியிருந்த ஒருவர் இவ்வாறு எழுதியது போற்றத்தக்கது.

அவர் காலத்திற்குப்பின் ஆராய்ந்தோர் நிலப்பத்திரங்களையும் உயில்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, இடையிலுள்ள தலைமுறைகளை இணைத்தனர். தலைவரின் தந்தை தாமஸ்; அவன் தந்தை 1786-இல் கெண்டக்கியில் செவ்விந்தியரால் கொல்லப்பட்ட ஆபிரகாம்; அவன் தந்தை ஜான்; அவன் தந்தையும் பாட்டனும் மொர்தெக்காய் என்னும் ஒரே பெயரினர்; மூத்த மொர்தெக்காயின் தந்தை சாமுவேல். இந்தச் சாமுவேலே 1637-இல் ஆங்கில நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவன். பெயரொற்றுமை காட்டிய வழி மெய்யாகவே முடிந்தது. ஆயினும் அது மெய்யென்று தெளிய அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியிருந்தது.

ஹிங்கம் ஊரில் வேறோர் இடரும் உண்டு. தொடக்கத்திற் குடியேறியோருள் தாமஸ் லிங்கன் என்னும் பெயரினர் நால்வர். ஊரார் அவர்களை நெசவுகாரத் தாமஸ், மாவாலைத் தாமஸ், மிடாத்தச்சன் தாமஸ், உழவன் தாமஸ் என வேறுபடுத்தி வழங்கினர். நம் ஊர்களிலும் மேலவீட்டு முருகன், கீழவீட்டு முருகன் என்றெல்லாம் வழங்குவதில்லையா? சாமுவேல் அவருள் நெசவுகாரத் தாமஸின் உடன்பிறந்தான். தொழிற் பெயர் இல்லாவிடின் எத்தாமஸ் எவன் என்று இன்று பிரித்தறிதல் அரிதாகும்.

இனி ஆங்கில நாட்டுப் பக்கம். அங்கும் நார்போக் மாவட்டத்தில் ஹிங்கம் என்னும் பழைய ஊர் ஒன்று உளது; அமெரிக்க ஊர் அதன் பெயரைத் தாங்கியது. அவ்வூர்த் தூய அந்திரேயா கோயிலின் ஏட்டில், எட்வர்டு லிங்கன் என்பானுக்குச் சாமுவேல் என்னும் மகன் 1622 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றான் என்று காணப்படுகின்றது. அதே மாவட்டத்து நாரிச்சு நகரத்து நெசவாளன் பிரான்சிஸ் லாஸ் என்பான் 1637-இற் கப்பலேறியபோது எழுதிய கணக்கில், அவனுடன் சென்ற பணியாள் சாமுவேல் லிங்கனுக்கு வயது பதினெட்டு என்றுளது. ஏட்டின்படி பார்த்தால் அவனுக்குப் பதினைந்தும் நிரம்பவில்லை. வயதை ஏற்றிச் சொல்லியிருக்கலாம். பிறந்து சில ஆண்டுகள் கழிந்து ஞானஸ்நானம் நடந்திருக்கலாம். ஆராய்ச்சியாளர் இரண்டு செய்தியையும் உள்ளபடியே வைத்தனர். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டினாரல்லர்.

1909-ஆம் ஆண்டு லீ, ஹட்சின்சன் என்னும் இருவர் லிங்கனின் முன்னோரைப்பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். நாட்டின் தலைவர்க்கெல்லாம் மேலாக மதிக்கப்பெற்ற ஒருவர்க்குப் பிரபு குலம் ஒன்றைத் தேடிக்கொடுத்திருப்பின் மக்கள் மகிழ்ந்திருப்பர். அவர்கள் கண்டதோ வேறு. எட்வர்டின் தந்தை ரிச்சர்டு லிங்கன் ஓரளவு நிலபுலமுடையோன். நான்கு முறை விவாகம் செய்தவன். மூத்தாள் மகனாகிய எட்வர்டை ஒதுக்கி, நான்காம் மனைவியின் மக்கட்கே உடைமைகளை எழுதிவைத்தான். எட்வர்டு 1640-இல் இறந்து ஹிங்கத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றான். பரம்பரை நிலம் கைவிட்டுப் போனமையால் அவன் மக்கள் தறியையும் கடலையும் நாடினர் என்பர். இச்செய்தி யாவும் மறைவின்றி அச்சேறின. 1919-ஆம் ஆண்டு அவ்வூர்க் கோயிலில் லிங்கனின் மார்பளவுச் சிலை ஒன்று நாட்டப்பெற்றது.

தேடும் ஏடு தவறானால் இல்லாத பழியும் வந்துசேரும் என்பதற்கும் இக்குடும்பமே சான்று. லிங்கனின் தாய் தந்தையர் விவாகப் பதிவை ஒரு வட்டாரத்து ஏடுகளிற் காணாது, அவர்கள் முறையாக மணந்தவரல்லர் எனச் சிலர் பரப்பினர். அவ்விவாகம் கெண்டக்கியிலேயே வாஷிங்டன் வட்டாரத்தில் 1806 ஜூன் 12-ஆம் நாள் நடந்தது. பதிவும் அவ்வட்டாரத்து அலுவலகத்திலேயே இருந்து பின்னர் வெளிப்பட்டது.

கோயிலேட்டில் எல்லாரும் அகப்படுவர் என்று கொள்ளற்க. ஆங்கிலத் திருச்சபையை ஏற்காத குவேக்கர், பாப்திஸ்து முதலியோர் தமக்கெனத் தனி ஏடுகள் வைத்திருந்தனர். ஞானஸ்நானம் பெறுமுன் மாண்ட சிசுக்கள் அவ்வேட்டில் இடம்பெறார். யூதர் கணக்கு வேறு. நூறாண்டு கடந்த ஏடுகளை ஆவணக் காப்பகங்களில் ஒப்படைக்க 1978-இல் விதி செய்யப்பட்டது. பல ஏடுகள் நிழற்படமெடுக்கப்பெற்றுக் கணினி வாயிலாக எங்கிருந்தும் படிக்கத்தக்க நிலையில் இன்று உள்ளன. பெயர் அட்டவணையில் கிட்டிய முதற் பெயரையே முன்னோன் எனக் கொள்ளும் பழக்கமும் அதனோடு பெருகியிருக்கின்றது.

ரிச்சர்டு லிங்கனுக்கு மேல் இரண்டு தலைமுறையை உயில்களைக்கொண்டு அவ்விருவரும் காட்டினர். அங்கே பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதி வந்துவிடுகின்றது. அதற்கு முன் கோயிலேடும் இல்லை. ஆகவே அவர்கள் வகுத்த குடிவழி அவ்விடத்தோடு நின்றது.