ஸ்கூபா கருவிப் பயணப்பை

ஸ்கூபா கருவிப் பயணப்பை என்பது நீர்மூழ்குவோர் தமது கருவிகளை விமானத்தில் எடுத்துச் செல்லப் பயன்படுத்தும் பை அல்லது பெட்டி ஆகும். இக்கருவிகளுள் சில நீருக்கடியில் மூச்சுவிடத் துணைபுரிபவை. ஆதலால் பயணத்தில் அவற்றுக்கு ஏற்படும் சேதம் பொருளிழப்பாக மட்டுமன்றி உயிர் ஆபத்தாகவும் முடியக்கூடும். உறுதியான பை பொதுவாக எடை மிகுந்தது. எடை குறைந்த பை பொதுவாக உறுதி குறைந்தது. இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே பைத் தேர்வின் அடிப்படை ஆகும்.

கருவிகளும் அவற்றின் எடையும்

காற்று உருளையும் ஈயக் கட்டிகளும் மிகுந்த எடை கொண்டவை. எனவே அவற்றைப் பெரும்பாலோர் மூழ்குமிடத்திலேயே வாடகைக்குப் பெறுவர். பயணி எடுத்துச் செல்லும் கருவிகளின் தோராயமான எடை வருமாறு:

* மூச்சுச் சீராக்கி (ரெகுலேட்டர்), அளவிகளுடன் - 2 முதல் 3 கி.கி.
* மிதப்புக் கட்டுப்பாட்டு அங்கி - 3 முதல் 4 கி.கி.
* துடுப்புக் காலணிகள் - 2 கி.கி.
* நியோப்ரீன் உடை - 2 கி.கி.
* முகக்கண்ணாடி, மூழ்கு கணினி, காலுறை முதலியன - 1.5 கி.கி.

இவை மொத்தம் ஏறத்தாழ 10.5 முதல் 12.5 கி.கி. ஆகும்.

எடை வரம்பு

பன்னாட்டு விமானங்களின் சிக்கன வகுப்பில் சரக்கறைப் பொதி ஒன்றுக்கு 23 கி.கி. என்பது பரவலான வரம்பு. பொதியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 158 செ.மீ.க்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பதும் பரவலான விதி. வரம்பைக் கணக்கிடும்போது பையின் சொந்த எடையும் சேர்த்துக்கொள்ளப்படும்.

இந்திய உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் சிக்கன வகுப்புக்குச் சரக்கறைப் பொதி 15 கி.கி., கைப்பொதி 7 கி.கி. என்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, சென்னையிலிருந்து அந்தமானுக்கு மூழ்கச் செல்லும் ஒருவர் 12 கி.கி. கருவிகளை 4 கி.கி. எடையுள்ள சக்கரப் பையில் வைத்தால், துணிமணி ஏதுமின்றியே 15 கி.கி. வரம்பைத் தாண்டிவிடுவார். மூச்சுச் சீராக்கியையும் மூழ்கு கணினியையும் கைப்பொதிக்கு மாற்றினால் சுமார் 3 கி.கி. குறையும். விளையாட்டுக் கருவிகளுக்குத் தனிச் சலுகை அளிக்கும் நிறுவனங்களும் உள்ளன.

பை வகைகள்

* கடினப் பெட்டி: பாலிப்ரொப்பிலீன் போன்ற நெகிழியால் ஆனது. நீர்புகாத மூடியும் அழுத்தத்தைச் சமன்செய்யும் அடைப்பிதழும் கொண்டது. ஒளிப்படக் கருவிகளுக்கு ஏற்றது. முழுக் கருவித் தொகுதியையும் கொள்ளும் அளவுள்ள பெட்டியே 10 கி.கி.க்கு மேல் எடை கொண்டிருக்கக்கூடும்.
* சக்கரப் பை: அடிப்பகுதி கெட்டியாகவும் மேற்பகுதி துணியாகவும் அமைந்தது. 3 முதல் 5 கி.கி. எடை கொண்டது. பெரும்பாலான பயணங்களுக்குப் பொருத்தமானது.
* மென்பை: சக்கரமோ சட்டமோ இல்லாதது. 1 முதல் 2 கி.கி. எடை கொண்டது. படகிலும் மணலிலும் தூக்கிச் செல்ல எளிது. மோதலிலிருந்து பாதுகாப்பு மிகக் குறைவு. இதில் நியோப்ரீன் உடையையும் மிதப்பு அங்கியையும் ஓரங்களில் வைத்து மற்றவற்றுக்கு மெத்தையாகப் பயன்படுத்துவர்.

உறுதியை அறிதல்

துணியின் நூல் பருமன் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே அந்நூலின் டெனியர் அளவு. டெனியர் அளவை மட்டும் கொண்டு உறுதியை முடிவு செய்தல் இயலாது. ஒரே டெனியர் அளவில் பாலியெஸ்டரை விட நைலான் உராய்வை நன்கு தாங்கும்; ஆயினும் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் நைலான் வலுவிழக்கும்.

பைகள் பெரும்பாலும் துணி கிழிந்து பழுதாவதில்லை. ஜிப், சக்கரம், கைப்பிடி ஆகியவையே முதலில் பழுதாகின்றன. உப்புநீர் உலோக ஜிப்பை அரிக்கும் என்பதால் பருத்த பற்களுடைய நெகிழி ஜிப் விரும்பப்படுகிறது. எஃகுத் தாங்கிகள் கொண்ட சக்கரங்கள் துருப்பிடிக்கக்கூடும். தரையாணியால் பிணைக்கப்பட்ட சக்கரத்தை விட, திருகாணியால் கழற்றி மாற்றத்தக்க சக்கரமே நெடுநாள் பயன் தரும்.

கைப்பொதியில் வைக்க வேண்டியவை

மூச்சுச் சீராக்கி, மூழ்கு கணினி, முகக்கண்ணாடி ஆகியவற்றைக் கைப்பொதியில் வைத்தல் நன்று. பார்வைக் குறைபாட்டுக்கேற்ற வில்லை பொருத்திய முகக்கண்ணாடிக்கு மாற்று எளிதில் கிடைக்காது. உதிரி லித்தியம் மின்கலங்களைச் சரக்கறைப் பொதியில் வைக்க அனுமதி இல்லை. 100 வாட்-மணிக்கு மேல் 160 வாட்-மணி வரையுள்ள மின்கலங்களுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. மாறாக, மூழ்கு கத்தி சரக்கறைப் பொதியிலேயே செல்ல வேண்டும்.

விமானத்தினுள் காற்றழுத்தம் தரைமட்டத்தை விடக் குறைவு. எனவே நீர்புகாத ஒளிப்படக் கருவி உறையின் ஓ-வளையத்தைக் கழற்றிவைப்பர். இல்லையெனில், தரையிறங்கிய பின் வெளியழுத்தம் உறையை இறுக்கித் திறக்கவிடாமல் செய்யக்கூடும்.

திரும்பும் பயணம்

நீர்மூழ்கிய பின் உடனே விமானத்தில் பறந்தால் அழுத்தநீக்க நோய் ஏற்படலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல்படி, அழுத்தநீக்க நிறுத்தம் தேவைப்படாத ஒரே மூழ்கலுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல மூழ்கல்களுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில் கருவிகளை நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். ஈரமான நியோப்ரீன் உடையும் அங்கியும் எடை கூடியிருக்கும் என்பதால், போகும்போது வரம்புக்குள் இருந்த பை திரும்பும்போது வரம்பைத் தாண்டக்கூடும்.

இழப்பீடு

பன்னாட்டுப் பயணங்களில் பொதி இழப்புக்கான பொறுப்பை 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் இதன் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமைகள் (ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்) ஆகும். கருவிகளின் மதிப்பு இதனினும் கூடுதலாயின், பொதியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்கப்படும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தலாம். பொதி சேதமடைந்திருப்பின் பெற்றுக்கொண்ட 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஸ்கூபா நீர்மூழ்கல்
* அழுத்தநீக்க நோய்
* மொன்றியல் உடன்படிக்கை
* லித்தியம் அயனி மின்கலம்