விழா மேடையில் மத்தளமும் பறையும் தப்பும்: யாழ்ப்பாண இசை விழாவுக்கு வந்த கலைகளும் கலைஞர்களும்

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம், போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், யாழ்ப்பாணத்தில் மூன்று நாட்கள் ஓர் இசை விழா நடந்தது. சேவாலங்கா மன்றம், நோர்வேயின் அரச இசை நிறுவனமான ரிக்ஸ்கொன்சேர்ட்டெனேயுடன் சேர்ந்து அதனை ஒழுங்கு செய்திருந்தது. நோர்வேத் தூதரகத்தின் ஆதரவும் இருந்தது. அடுத்த ஆண்டு விழா காலிக்குப் போனது. 2013 மார்ச்சில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. வடக்கில் ஓராண்டு, தெற்கில் ஓராண்டு என்பதே ஏற்பாடு. இந்த நாட்டின் பல மூலைகளிலிருந்து நாட்டார் இசைக் குழுக்களும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே மேடையில் ஏறின.

2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்கு அனுசரணை வழங்கிய நாடு நோர்வே. சமாதானப் பேச்சு முறிந்து, போர் பேரழிவில் முடிந்தபின், அதே நாட்டின் உதவியுடன் இசை வழியாக ‘நல்லிணக்கம்’ பேசப்பட்டதைப் பலர் ஐயத்துடன் பார்த்தார்கள். அந்த ஐயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால், இந்த விழாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அனுசரணையாளர்களும் அரசியலும் பேசப்பட்ட அளவுக்கு, மேடையேறிய கலைஞர்கள் பேசப்படவில்லை என்பது என் எண்ணம். அவர்கள் யார், எந்த ஊரின் எந்த வாழ்விலிருந்து அந்தக் கலையைக் கொண்டு வருகிறார்கள், மேடை அவர்களுக்கு எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

அண்ணாவியாரின் கூத்து

மட்டக்களப்பில் கூத்து வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகள். ஆடுவோர் பாரமான கரப்புடுப்பு அணிவர். தென்மோடியில் உடை இலேசானது, பாட்டின் இழுவை கூடியது. இரண்டுக்கும் உயிர் மத்தளம். அதை வாசிப்பவர் அண்ணாவியார். அவரே ஆசிரியர், நெறியாளர், பாடகர். சல்லாரி தாளம் போட, பிற்பாட்டுக்காரர் ஆடுவோரின் வரியை வாங்கிப் பாடுவர்.

விழாவுக்கு வரும் பார்வையாளருக்குத் தெரியாத ஒன்று, ஒரு கூத்து அரங்கேற எத்தனை மாதங்கள் எடுக்கும் என்பது. முதலில் ஊர் கூடி இந்த ஆண்டு என்ன கூத்து என்று முடிவெடுக்கும். பின்னர் சட்டங் கொடுத்தல், அதாவது யாருக்கு என்ன பாத்திரம் எனத் தீர்மானித்து அவரவர் பாட்டுகளைக் கையில் கொடுப்பது. அதன்பின் இரவு இரவாகப் பழக்கம். ஆட்டம் ஓரளவு கைவந்ததும் சதங்கை அணிதல். பிறகு அடுக்குப் பார்த்தல். கடைசியில் வட்டக்களரியில் அரங்கேற்றம், இரவு தொடங்கி விடியும்வரை. களரியைச் சுற்றி ஊரே இருக்கும். ஆடுபவன் அங்குள்ள பாதிப் பேருக்குச் சொந்தக்காரன்.

யாழ்ப்பாணத்தின் காத்தவராயன் கூத்துக்கு வேறு நடை, வேறு இசை. உடுக்கும் சிந்துநடையும் அதன் அடையாளம். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் கத்தோலிக்கக் கூத்து மரபு தனியாக வளர்ந்தது. புனிதர்களின் வரலாறுகளே அதன் கதைகள். முல்லைத்தீவில் கோவலன் கூத்து கண்ணகி வழிபாட்டோடு ஒட்டியது. இசைநாடகம் இன்னொரு கிளை. காங்கேசன்துறையைச் சேர்ந்த வி. வி. வைரமுத்து (1924-1989) ‘மயான காண்டம்’ அரிச்சந்திரனாகப் பெற்ற புகழை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இத்தனை வேறுபாடுகளும் விழா நிகழ்ச்சி நிரலில் ‘தமிழ் நாட்டார் கலை’ என்ற ஒற்றைத் தலைப்புக்குள் சுருங்கிவிடக்கூடியவை.

பறையும் தப்பும் ஒன்றல்ல

தமிழகத்தில் பறை என்றால் ஒருமுக வட்டப் பறை. இலங்கையின் வடக்கு, கிழக்கில் பறை என்பது உருளை வடிவான இருமுகத் தோற்கருவி. தோளில் மாட்டிக் கோல்களால் அடிப்பது. மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து என்று ஓர் ஆற்றுகையே உண்டு. பெரிய பறையும் சின்னப் பறையும் முழங்க, சொர்ணாளி என்ற குழல் சேர்ந்து ஒலிக்க, வாசிப்போரே ஆடவும் செய்வர். தாளத்துக்குத் தாளம் ஆட்டம் மாறும்.

தமிழக வட்டப் பறையின் நெருங்கிய உறவு மலையகத்தில் இருக்கிறது. அதற்கு அங்கு தப்பு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கி, ஒரு தடித்த குச்சியாலும் ஒரு மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான். திருவிழா, மரணம், காமன் கூத்து எல்லாவற்றிலும் ஒலித்ததும் அதே தப்புத்தான். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதோடு உச்சம் அடையும். ரதியின் புலம்பலில் அழாத பெண்கள் அந்த லயத்தில் குறைவு.

இந்த இரு கருவிகளும் மேடைக்கு வரும்போது ஒரு கடினமான கேள்வியும் கூடவே வருகிறது. பறை அடிப்பது பல ஊர்களில் ஒரு சாதிக்கு விதிக்கப்பட்ட கட்டாயமாக இருந்தது. இன்னொருவர் வீட்டுச் சாவுக்குப் போய் முற்றத்துக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும் என்பது கலைச் சுதந்திரம் ஆகாது. 1966 ஒக்ரோபர் எழுச்சியும் 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்த காலத்தில், சாதி எதிர்ப்பின் பகுதியாகப் பறையைக் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பறையைக் கீழே வைப்பதே விடுதலையாக இருந்தது.

அவர்களின் பிள்ளைகளிடம் போய் ‘அழிந்துபோகும் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அதே வேளை, இன்று தாமாகவே விரும்பிப் பறையை எடுத்து, இது எங்கள் அறிவு, எங்கள் இசை என்று தலை நிமிர்ந்து அடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு நிலைப்பாடுகளையும் மதிக்க வேண்டும். விழா மேடையில் கை தட்டிவிட்டு, ஊரில் அதே கலைஞரைக் கோயிலின் வெளிவீதியோடு நிறுத்தும் சமூகம், அந்தக் கைதட்டலுக்குப் பெருமைப்பட எதுவும் இல்லை.

அயலார் என்று நினைத்தவர்கள்

இந்த விழாக்களின் பெரிய பயன், தமிழ்ப் பார்வையாளர்கள் இந்நாட்டின் பிற சமூகங்களின் இசையை நேரில் கேட்டதுதான். புத்தளம் சிரம்பையடியின் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் அவர்களில் முக்கியமானவர்கள். காலனிய காலத்தில் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் மன்ஜாப் பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. சில வரிகளே திரும்பத் திரும்ப வரும். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். டோலக், றபான், சிரட்டைகள், கரண்டியால் தட்டும் கண்ணாடிப் போத்தல் ஆகியவையே வாத்தியங்கள். அந்த மொழியை அன்றாடம் பேசுவோர் ஏறக்குறைய இல்லாமற்போன நிலையில், பாட்டிலே மட்டும் அது உயிரோடு இருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞாவும் இதற்கு நெருங்கிய உறவு. நாம் கலியாண வீடுகளில் ஆடும் பைலாவின் வேர்களை இங்கேதான் தேட வேண்டும்.

சிங்களக் கிராமங்களின் சொக்கரி, நெற்களத்தில் ஆடப்படுவது. பத்தினித் தெய்வ வழிபாட்டோடு தொடர்புடையது. பத்தினி என்பவள் நம் கண்ணகியே. அதன் கதையில் வரும் குருஹாமியும் அவர் மனைவி சொக்கரியும் வேலைக்காரனும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தெற்கின் கரையோர நாடகம மரபு தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. அதில் வாசிக்கப்படும் மத்தளத்தைத் தமிழ் மேளம் என்ற பொருளில் ‘தெமள பெர’ என்றும் சொல்வார்கள். 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை உருவாக்கியபோது இந்த நாடகம மரபையே அடித்தளமாக்கினார். அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ எனக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடையேற்றினார்.

கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலிருந்து வரும் பொல்லடியும் பக்கீர்களின் றபான் இசையும், தமிழ் பேசும் மக்களின் இசை என்று நாம் எண்ணும்போது பெரும்பாலும் மறந்துபோகிறவை. வயலிலும் வீட்டிலும் பெண்கள் பாடும் நாட்டார் கவிகளும் அப்படியே.

விடியும்வரை ஆடியது அரை மணிநேரத்தில்

விழாவில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மணிநேரம் அளவே. விடியும்வரை நடக்கும் கூத்தில் எதை வெட்டுவது? வழக்கமாக வரவுப் பாட்டும் ஒரு போர்க் காட்சியும் மிஞ்சும். ஆட்டமும் வேகமும் தங்கும். நீண்ட விருத்தங்களும் தர்க்கப் பாட்டுகளும் நகைச்சுவையும் போய்விடும். கதை தெரியாதவர் பார்ப்பது பளபளக்கும் உடையையும் சுழற்சியையும் மட்டுமே. வட்டக்களரிக்காக உருவான ஆட்டம், ஒரு பக்கம் பார்த்த மேடையில் தட்டையாகிவிடுகிறது. ஒலிவாங்கிக்கு முன் நிற்க வேண்டியிருப்பதால் அண்ணாவியார் ஆடுவோரின் பின்னால் நகர முடியாது. அந்த நகர்வு இல்லாமல் மத்தளத்துக்கும் காலுக்கும் இடையிலான பேச்சு பாதியாகிறது.

இது புதிய பிரச்சினை அல்ல. வித்தியானந்தனும் விடியவிடிய நடந்த கூத்தைச் சுருக்கித்தான் மேடையேற்றினார். அவர் அதைச் செய்திராவிட்டால் படித்த நகர்ப்புறத் தமிழர் கூத்தை ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது ஒரு வாதம். சுருக்கப்பட்ட மேடைக் கூத்தே ‘செம்மையானது’, ஊர்க்கூத்து ‘கரடுமுரடானது’ என்ற மனப்பான்மை அதனால் வளர்ந்தது என்பது மறுவாதம். பின்னர் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் மட்டக்களப்பு சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், வேறு வழியைக் காட்டியது. கூத்தை நகர மேடைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, ஊருக்குள்ளேயே ஊராரோடு இருந்து, சாதி, பெண் பற்றிய பழைய கருத்துகளைக் கேள்விக்குட்படுத்தி, மாற்றி ஆடுவது. விழாக்கள் இந்த அனுபவத்திலிருந்து கற்க நிறைய உண்டு.

கலைஞருக்கு என்ன மிச்சம்?

இந்தக் கலைஞர்களில் இசையையே தொழிலாகக் கொண்டவர்கள் மிகக் குறைவு. மீன்பிடிப்பவர், வயல் செய்பவர், மேசன், தோட்டத் தொழிலாளி, ஆசிரியர் என்று ஒவ்வொருவருக்கும் வேறு பிழைப்பு. மூன்று நாள் விழா என்றால் மூன்று நாட் சம்பளம் போகும். பஸ்ஸும் சாப்பாடும் கொடுத்து, ஒரு பொன்னாடையும் நினைவுச் சின்னமும் கையில் வைப்பதே நம்மில் பலருக்கு ‘கௌரவிப்பு’. வெளிநாட்டுக் குழுவுக்கு எழுத்தில் ஒப்பந்தம், உள்ளூர்க் குழுவுக்கு வாய்ப் பேச்சு என்ற நிலை எங்கே இருந்தாலும் அது பிழை.

ஒலிப்பதிவும் அவ்வாறே. விழாவில் பதிவாகும் பாட்டு இணையத்தில் ஏறுகிறது. ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பாடியவரின் பெயர், அண்ணாவியாரின் பெயர், ஊரின் பெயர் மூன்றும் இல்லாமல் ஒரு பதிவும் வெளிவரக் கூடாது. அந்தப் பதிவின் பிரதி முதலில் அந்த ஊருக்குப் போக வேண்டும்.

கருவிகளின் நிலையையும் பார்க்க வேண்டும். இடம்பெயர்வுகளின்போது உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மத்தளத்தைத் தூக்க முடியவில்லை. கூத்து ஏடுகளும் கொப்பிகளும் வீடுகளோடு எரிந்தன. மீளக்குடியேறிய ஊர்களில் பாட்டை நினைவிலிருந்து எழுதவேண்டியிருந்தது. மரம் குடைந்து தோல் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. ஒரு விழாவின் ஒலி, ஒளி அமைப்புக்குச் செலவாகும் தொகையின் சிறு பகுதி, ஓர் ஊருக்கு மத்தளம் கட்டிக் கொடுக்கவும் இரண்டு பிள்ளைகளுக்குத் தோல் வேலை பழக்கவும் போதும்.

விழாக்கள் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு மாலைப் பொழுதில் மட்டக்களப்பு மத்தளமும் மலையகத் தப்பும் சிரம்பையடியின் சிரட்டையும் அடுத்தடுத்து ஒலிப்பது, முப்பது ஆண்டு காலப் போருக்குப் பின் சிறிய விடயம் அல்ல. ஆனால் நல்லிணக்கம் என்ற சொல்லை மேடையில் எழுதித் தொங்கவிடுவது எளிது. கலைஞருக்கு நியாயமான கூலி, முழு நேரம், எழுத்தில் பெயர், ஊரில் மரியாதை ஆகிய நான்கையும் கொடுப்பதே கடினம். அடுத்த முறை உங்கள் ஊரில் இப்படி ஒரு விழா நடந்தால், நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். அனுசரணையாளரின் சின்னம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, அண்ணாவியாரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள்.